எண்ணெய் தடவிய பானை

மேஸ்திரி ஒரு வாய் குடித்தார். துப்பினார்.

"இன்னாடி இது, வெந்நியா?"

சித்திரை மாசம். உச்சி வெயில். தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் பானையைச் சுற்றி நின்றார்கள். நான் குவளையோடு நின்றேன்.

"காலைல ஊத்தின தண்ணிங்க. ஏரிக் கெணத்துத் தண்ணி."

"கெணத்துல சில்லுனுதான் கீது. உன் கைக்கு வந்தா காயுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் நின்ற பட்டம்மாள், மில்லில் முறம் புடைக்கிறவள், சிரிக்கவில்லை.

"சுடு கை," என்றாள்.

குவளையை என் கையிலிருந்து வாங்க வந்த ஆள், கையை இழுத்துக்கொண்டார்.

என் பேர் அஞ்சலை. கல்யாணம் ஆகித் திண்டிவனம் வந்ததைப் போன வாரம் எழுதினேன். அதைப் படிக்காதவர்களுக்கு இது போதும்: வீட்டுக்காரர் பேர் கன்னியப்பன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆட்டுகிற மில்லில் மிஷினுக்கு மூட்டை கொட்டுகிற வேலை. நான் அதே மில்லில் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை. நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதையும் கூட்டித்தான் எழுதுகிறேன்.

புதுசாக வந்த இரண்டு

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியாது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

அதுவரை மில்லில் பானை கிடையாது. பக்கத்திலேயே கிணறு. தாகம் எடுத்தவர் சேந்திக் குடிப்பார். அந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது. ஏரிக் கிணற்றிலிருந்து காலையில் எடுத்துவந்து வைக்க ஆள் வேண்டும் என்றார்கள். என்னைச் சேர்த்தார்கள். குயவரிடம் பெரிய பானை ஒன்றும் வாங்கினார்கள்.

பானையும் நானும் ஒரே நாளில் மில்லுக்குள் போனோம்.

அந்த மில்லில் ஒரு வழக்கம். புதுசாக எது வந்தாலும் மேஸ்திரி எண்ணெய் வைப்பார். பெல்ட் வந்தால் எண்ணெய். முறம் வந்தால் எண்ணெய். வண்டிச் சக்கரம், தராசு, கூடை, எல்லாவற்றுக்கும். ஆள் வந்தாலும் உச்சந்தலையில் எண்ணெய். எனக்கும் வைத்தார். நெற்றி வழியாக வழிந்து கண்ணில் இறங்கியது.

"எண்ணெ பட்டாத்தான் நம்முளுது," என்றார்.

பானையைச் சும்மா விடுவாரா? துணியைத் தோய்த்து, அடிமுதல் வாய்வரை தேய்த்தார். மஞ்சள் குங்குமம் வைத்தார். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்தார். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது. ஊரில் எந்த வீட்டுப் பானைக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்தப் பானையில்தான் தண்ணீர் சுட்டது.

இரண்டு பேரும் புதுசு. குற்றம் எனக்குத்தான் விழுந்தது. பானைக்குக் கை இல்லை.

மேஸ்திரி

முனுசாமி மேஸ்திரியைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். சத்தம் போடுவார். திட்டுவார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சிக் கலயத்தைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரும் அவர்தான். வாசலிலேயே நின்று, "டேய் கன்னிப்பா, செத்துப் பூடாதடா, மூட்ட கொட்ட ஆள் இல்ல," என்றார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வலது கையில் நடுவிரல் இல்லை. அதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.

பேர் நடந்து வந்தது

வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். அறுப்புக்குப் போகலாம், கல் உடைக்கப் போகலாம். பேர் வந்தால் போகாது.

முதலில் மில்லில்தான் சொன்னார்கள். "சுடு கை வருது, ஒத்திக்க." பட்டம்மாள் தன் வீட்டுத் தண்ணீரைச் சின்னக் கலயத்தில் கொண்டுவர ஆரம்பித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு மிடறு கொடுத்தாள்.

"பாத்தியா? சில்லுனு கீதா? எங்கைல மட்டும் எப்டிக் கீது?"

இருந்தது. நானும் பார்த்தேன். கலயத்தின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. பார்த்தேனே தவிர அதில் என்ன இருக்கிறது என்று தோன்றவில்லை.

எங்கள் வீட்டுப் பானையிலும் தண்ணீர் குளிர்ச்சிதான். அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது உங்க மாமியா ஊத்தறது," என்றாள். அதுவும் உண்மை.

பிறகு பேர் மில் வாசலைத் தாண்டியது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. மாமியாரைக் கூப்பிட்டார்கள். "மருமவள இட்டாராதீங்க," என்றார்கள். மாமியாரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னிடம் சொல்லவும் இல்லை. அன்றைக்குக் கேப்பைக் களியில் என் பங்கு பெரிசாக இருந்தது.

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு என் பிள்ளையையே நான் தூக்கினால் சுடும் என்பார்களோ என்று நினைத்தேன். அதுதான் பயம். வேறு பயம் இல்லை.

நான் செய்தது ஒன்றுதான். பானைக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் பட்ட எண்ணெயைத் தினமும் தேய்த்தேன். நல்லெண்ணம்தான். தண்ணீர் இன்னும் சுட்டது.

ஒருநாள் மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டார்.

"அஞ்சல, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆளுங்க பேஜார் பண்றானுங்க. ஆமாத்தூர் வட்டப்பாறையில கைய வெச்சி, எங்கைல குத்தமில்லன்னு சத்தியம் பண்ணிட்டு வா. அப்பறம் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

"சரிங்க."

"வர வெள்ளிக்குள்ள வந்துடு. இல்லாட்டி நான் வேற ஆளத்தான் வைக்கணும்."

வட்டப்பாறை

திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறையை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன்மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் பிழைக்கமாட்டான் என்பார்கள். வழக்கு வியாஜ்ஜியம் தீராதவர்கள் அங்கே போவார்கள்.

விழுப்புரம் வரைக்கும் ரயில். அங்கிருந்து நடை. வீட்டுக்காரரும் வந்தார். வழியெல்லாம் அனல் காற்று. புடவைத் தலைப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். காய்ந்ததும் மறுபடி நனைத்தேன்.

பாறை முன்னால் நின்றோம்.

"சொல்லேன்," என்றார்.

"இன்னான்னு?"

"எங்கை சுடு கை இல்லன்னு."

"தெரியலியே."

"இன்னா தெரியல?"

"சுடு கையா இல்லியான்னு எனக்கே தெரியல. தெரியாதத எப்படிச் சத்தியம் பண்றது?"

அவர் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வீட்டுக்குள்கூட அப்படிச் செய்யமாட்டார்கள்.

"சில்லுனுதான் கீது."

"வேத்திருக்குது. அதான்."

"வேத்தா இன்னா, வேக்காட்டி இன்னா. எனக்குச் சில்லுனு கீது."

பாறையில் கை வைக்காமலே திரும்பினோம். மேஸ்திரியிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு குறைவு. அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியது என்று நினைக்கிறேன்.

இஞ்சினில் தொங்கிய பை

விழுப்புரம் ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏற வேண்டிய பெட்டி முன்னால் இருந்தது. இஞ்சின் பக்கமாக நடந்தோம்.

இஞ்சினின் வெளிப்பக்கத்தில் கித்தான் பை ஒன்று தொங்கியது. கெட்டித் துணி. உள்ளே தண்ணீர். பை முழுக்க நனைந்து, அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் சுமக்கிறவளுக்குத் தண்ணீர் வீணாவதைப் பார்க்க முடியாது.

"அண்ணே, பை ஒழுவுது."

கரி அள்ளிப் போடுகிற பயர்மேன் எட்டிப் பார்த்தார். முகம் முழுக்கக் கரி. பல் மட்டும் வெள்ளை.

"ஒழுவட்டும்மா."

"எல்லாம் வீணாப் பூடுமே."

"ஒழுவாட்டிதான் வீணு. இந்தா, குடிச்சுப் பாரு."

தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர் குடித்தார். பிறகு நான். பல் கூசியது. ஒரு கை தூரத்தில் இஞ்சின் நெருப்பு. வெளியே அந்த வெயில்.

"நெருப்புப் பக்கத்துல எப்டிண்ணே இவ்ளோ சில்லுனு?"

"வெளிய ஈரம் இருக்கணும். காத்து பட்டு அது காயணும். காயக் காய உள்ள சில்லுனு ஆவும். வண்டி ஓடினா காத்து ஜாஸ்தி, இன்னும் சில்லுனு ஆவும்."

"ஏன்?"

"அது எனக்குத் தெரியாது. ரப்பர் பையில ஊத்தினா கஞ்சியாட்டம் சுடும். அது தெரியும்."

ஊதல் ஊதினார்கள். ஓடிப்போய் ஏறினோம்.

வண்டி நகர்ந்ததும் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன்.

"நம்ம வூட்டுப் பானைக்கு அடியில மணல் ஈரமா இருக்குது இல்ல?"

"இருக்கும்."

"பட்டம்மா கலயம் வெளிய ஈரம். மில் பானை?"

யோசித்தார். "அது பளபளன்னு இல்ல கீது."

"அது வேத்ததே இல்ல," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மூட்டை கொட்டுகிற கை. எண்ணெய் ஊறி எப்போதும் மினுங்குகிற கை. அந்தக் கையில் தண்ணீர் விட்டால் நிற்காது, உருண்டு ஓடும்.

ஏன் குளிர்கிறது

பயர்மேனுக்குத் தெரியாததை வெகுகாலம் கழித்து என் மகள் சொன்னாள். அவள் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். எனக்குப் புரிந்தமட்டில் எழுதுகிறேன்.

சுட்ட மண் கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளே இருக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். கசிந்தது காற்றில் ஆவியாகப் போகும். போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. பானையிடமிருந்தும் உள்ளே மிச்சம் இருக்கிற தண்ணீரிடமிருந்தும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் தண்ணீர் செலவு, மிச்சத்துக்குக் குளிர்ச்சி.

எண்ணெய் தடவினால் துளை அடைந்துபோகும். கசிவு நின்றுவிடும். சூடு போக வழி இல்லை.

கம்பவுண்டர் ஊசி போடும் முன்னால் பஞ்சால் துடைக்கிறாரே, அந்த இடம் சில்லென்று ஆகிறது. அதுவும் இதேதான். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதும் இதேதான். நாய் நாக்கைத் தொங்கப் போடுவதும் இதேதான். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கின் ஈரம்தான் அதற்குப் பானை.

ஒன்றைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. அனல் காற்று வீசுகிற சித்திரையில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிர்கிறது. மழை பிடித்த ஐப்பசியில் அவ்வளவு குளிர்வதில்லை. காற்றிலேயே ஈரம் நிறைய இருந்தால் பானையின் ஈரம் போக இடம் ஏது? ஆக, நம்மைக் காய்ச்சுகிற காற்றுதான் பானையைக் குளிர வைக்கிறது. வருஷம் முழுக்கப் பானையில் குடித்தவர்கள் நாம். யார் கவனித்தோம்?

மகள் சொன்னது பிற்பாடு. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பயர்மேன் சொன்னது மட்டும்.

இரண்டு பானை

மறுநாள் மேஸ்திரி முன்னால் நின்றேன்.

"சத்தியம் பண்ணிட்டியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"இன்னொரு பானை வேணுங்க. எண்ணெ தடவாத பானை."

அவர் முகம் மாறியது. நடுவிரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினார்.

"தோ பாரு. புது பெல்ட் வந்துச்சு. ஜல்தியா மாட்டுன்னாங்க. எண்ணெ வெக்காம மாட்டினேன். அன்னிக்குப் போச்சு இது. அதுக்கப்பறம் எண்ணெ படாத சாமான் ஒண்ணுகூட இந்த வாசப்படி தாண்டினதில்ல. தாண்டவும் தாண்டாது."

அன்றைக்குத்தான் அந்த விரலின் கதை தெரிந்தது. பெல்ட் வேறு, பானை வேறு என்று சொல்லலாம். சொல்லவில்லை. அவர் விரல் அவருக்கு.

"வாசப்படிக்கு வெளிய வெச்சிக்கிறேங்க. வேப்ப மரத்தடியில."

யோசித்தார். "வெளியன்னா வெச்சிக்க."

"இந்தப் பானையும் அங்க வரணுங்க."

"இது எதுக்கு?"

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும். இல்லாட்டி மரத்து நெழல்ல சில்லுனு ஆச்சும்பாங்க."

குயவரிடம் புதுப் பானை வாங்கி, வெள்ளிக்கிழமை காலையில் இரண்டையும் மரத்தடியில் வைத்தோம். ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே காலை. குடம் குடமாக மாற்றி மாற்றி இரண்டிலும் நானே ஊற்றினேன். புதுப் பானையை முந்தின நாளே ஊற வைத்திருந்தார் வீட்டுக்காரர். தொடுவதற்கு முன் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். மாமியார் பார்த்துவிட்டு, "பூசைக்குப் போறியாடா," என்றார்.

பட்டம்மாள் வந்து பார்த்தாள். இடுப்பில் கலயம்.

"ரெண்டுலயும் அவதான் கை வெச்சிக்கினு கீறா. ரெண்டும் சுடத்தான் போவுது."

"அதனாலதான் வெச்சேன்," என்றேன்.

"இன்னா?"

"கை ஒண்ணு. பானை ரெண்டு. ரெண்டும் சுட்டா எங்கைதான். நானே போயிட்றேன்."

அவள் கலயத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

உச்சியில் மிஷினை நிறுத்தினார்கள். எல்லோரும் வேப்ப மரத்தடிக்கு வந்தார்கள். புதுப் பானையின் வயிறு கருத்து ஈரமாக இருந்தது. பழைய பானை பளபளத்தது.

மேஸ்திரி குவளையை நீட்டினார்.

"இருங்க," என்றாள் பட்டம்மாள். "எதுல மொள்றான்னு பாத்துக்கினே குடிச்சா அவளுக்குத் தோதாச் சொல்லிடுவீங்க. கண்ணக் கட்டிக்குங்க."

"என்னயா சொல்ற?"

"உங்களத்தான். அவ வூட்டுக்காரன்னா உங்களுக்கு உசுரு."

அவர் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். யாரோ, "மாப்ள ரெடி, பொண்ண இட்டாங்க," என்றார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்த்து நின்றார்.

பட்டம்மாள் தானே பானையைக் கை காட்டினாள். நான் மொண்டு கொடுத்தேன்.

முதல் குவளை. ஒரு வாய் குடித்தார். துப்பினார். "இதான் தெரிஞ்சதாச்சே."

இரண்டாவது குவளை. வாயில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். துப்பவில்லை. விழுங்கினார். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். குவளையை நீட்டினார்.

"இன்னும் ஊத்து."

ஊற்றினேன். அதையும் குடித்தார். துண்டை அவிழ்த்தார். இரண்டு பானையையும் பார்த்தார். புதுப் பானை வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். ஈரத்தை எடுத்து முகத்தில் தடவிக்கொண்டார்.

"இவ கைதானே ரெண்டுலயும்?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"ஆமாங்க," என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை.

"அப்ப நான்தான் அத மூச்சு முட்ட வெச்சிக்கீறேன்," என்றார் மேஸ்திரி. பழைய பானையைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல. "நல்லதுக்குன்னு நெனச்சிக்கினு."

அதற்காக வழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. புதுப் பானை கடைசிவரை வாசப்படி தாண்டவில்லை. மரத்தடியிலேயே இருந்தது. தாகம் எடுத்தவர்கள் வெளியே வந்து குடித்தார்கள். பெல்ட்டுக்கும் முறத்துக்கும் எண்ணெய் நடந்தது. பானையைத் தொடுகிறவன் கையைக் கழுவிவிட்டுத் தொட வேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் புதிதாகப் போட்டார். எல்லோரையும்விட அவரே அதிகம் மறந்தார்.

அன்றைக்கு ஒவ்வொருவராக வந்து குடித்தார்கள். கையை இழுத்துக்கொண்ட அந்த ஆளும் வந்தார். கடைசியில் பட்டம்மாள் நின்றாள்.

இடுப்புக் கலயத்தை இறக்கி வேர்மேல் வைத்தாள். அதில் தண்ணீர் இருந்தது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

குனிந்து இரண்டு கையையும் குவித்தாள்.

"ஊத்துடி, அஞ்சல."

ஊற்றினேன். விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை.